கோடை எஃப்எம் பவரைக் குறைத்துவிட்டார்களா? குமுளியிலிருந்து சில குறிப்புகள்

தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரர் கேட்டது:

"முன்னாடி கோடை எஃப்எம் அடுப்படியில வெச்சாலும் கணீர்னு கேட்கும். இப்ப ஒரே இரைச்சல். பவரைக் குறைச்சிட்டாங்கன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. தனியார் ஸ்டேஷனுக்கு வழிவிடத்தான் குறைச்சாங்கன்னு என் மச்சான் அடிச்சுச் சொல்றான். குமுளி அண்ணே, நீங்க ரேடியோ வேலை பார்த்தவர்தானே, சொல்லுங்க."

3 ஜூன், இரவு 9.20

கோடை எஃப்எம் என்பது கோடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் பேசும் அகில இந்திய வானொலி நிலையம். அதன் பவரைக் குறைக்கவில்லை என்பது என் முடிவு. டீக்கடைப் பேச்சுக்கு என்னிடம் உள்ள பதில் ஒரு பழைய பிலிப்ஸ் டூ-இன்-ஒன் செட். செக்போஸ்ட்டுக்கு மேலே, கம்பம் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியும் திருப்பத்தில் என் தம்பி வீடு. 1998லிருந்து அந்தச் செட் அதே ஜன்னலில், அதே ஏரியலோடு இருக்கிறது. இன்றைக்கு மாலை போய்க் கேட்டேன். 100.5ல் முள்ளை வைத்ததும் வந்தது, ஒரு துளி இரைச்சல் இல்லை. குமுளிக்கும் கோடைக்கும் பறவைத் தூரம் 80 கிலோமீட்டர் இருக்கும். கூடலூர் அதைவிடக் கிட்டே.

4 ஜூன், காலை 6.10

நேற்று எழுதியது போதாது என்று இரவு படுத்தபோது தோன்றியது. "குமுளியில் கேட்கிறது, அதனால் பவர் குறையவில்லை" என்றால் அது நிரூபணம் ஆகாது. எஃப்எம்மின் குணம் அப்படி. சிக்னல் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். செட்டுக்குள் இருக்கும் லிமிட்டர் மேலே உள்ளதையெல்லாம் வெட்டி ஒரே மட்டமாக்கிவிடும். மீடியம் வேவில் சிக்னல் குறையக் குறையச் சத்தமும் தேயும். எஃப்எம்மில் கடைசி வரை கணீரென்று இருந்துவிட்டு, விளிம்பைத் தாண்டியதும் படாரென்று இரைச்சலில் விழும். என் தம்பி வீட்டு ஜன்னலில் பவரைப் பாதியாக்கியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அதனால் கணக்காகப் பார்ப்போம். கோடை டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட். அதை 5 ஆக்கினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைவது, சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவில், 3 டெசிபெல். உங்கள் செட்டை அடுப்படியிலிருந்து திண்ணைக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் லாபம் இதைவிடப் பல மடங்கு. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் கூடுமிடத்தில் சிக்னல் பெருகும், முட்டிக்கொள்ளுமிடத்தில் செத்துவிடும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது முக்கால் மீட்டர், ஒரு கை நீளம். செட்டை ஒரு கை தள்ளி வைத்தாலே ஊமையான ஸ்டேஷன் பேசுவதை இருபது வருஷம் கடையில் இருந்து பார்த்தவன் நான்.

அடுப்படியில் கணீரென்று கேட்ட ஸ்டேஷன் இரைச்சலாக வேண்டுமென்றால் 3 டெசிபெல் போதாது. வேறு ஏதோ நடந்திருக்கிறது.

4 ஜூன், இரவு 10.05

மச்சான் சொன்ன "தனியாருக்கு வழிவிட" என்ற பேச்சுக்கு வருகிறேன். எஃப்எம் பட்டை 87.5லிருந்து 108 வரை. நம் பக்கத்தில் அகில இந்திய வானொலி நிலையங்கள் பெரும்பாலும் 100க்கு மேலே. கோடை 100.5, தேவிகுளம் 101.4, நாகர்கோவில் 101.0, திருவனந்தபுரம் அனந்தபுரி 101.9, திருச்சூர் 101.1, கோவை 103.0. தனியார் 91லிருந்து 95 வரை நெருக்கமாகவும், 98.3, 104.8, 106.4 என்று அங்கங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடை குனிந்து வழிவிட வேண்டிய நெருக்கடி 100.5ல் யாரும் தரவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோடைக்கும் தேவிகுளத்துக்கும் நடுவே 0.9. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் 0.9. ஒரே ஊர் ஸ்டேஷன்களுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸாவது இடைவெளி விடுவது நம் நாட்டு வழக்கம். எங்களைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு ஊர் இரண்டானாலும் வானம் ஒன்றுதான், அதனால் இந்த இரண்டு ஜோடி அண்டை ஊர்களுக்காவது அந்த இடைவெளியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அலைவரிசை ஒதுக்கும் மத்திய அரசின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவில் யாரோ ஒருவர் வரைபடத்தில் இந்த மலையைத் தொட்டுப் பார்த்துத்தான் எண் கொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

5 ஜூன், மதியம் 1.30

போடிக்காரர் கேட்கிறார், "கோடை எப்படி அவ்வளவு தூரம் போகிறது, 10 கிலோவாட் எல்லா ஊரிலும் இருக்கிறதே?"

உயரம், வேறொன்றுமில்லை. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவோடு கொஞ்சம் வளையும். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். கோடை ஏறக்குறைய 2100 மீட்டர். வர்க்கமூலம் 45.8. பெருக்கினால் 189 கிலோமீட்டர். உங்கள் மொட்டைமாடி ஏரியல் 4 மீட்டர் என்றால் அதற்கு 8. கூட்டினால் 197. சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் வைத்தவனுக்கு 41 கிலோமீட்டர்தான். 10 கிலோவாட் இருவருக்கும் ஒன்றுதான், கோபுரத்துக்காரன் வீச்சு ஊர் எல்லையோடு நின்றுவிடும்.

தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்றால் வெட்டவெளிக் கணக்கில் பவரை நான்கு மடங்காக்க வேண்டும். மலை அந்தச் செலவையெல்லாம் ஒரே தூக்கில் மிச்சம் பிடித்துவிடுகிறது.

5 ஜூன், இரவு 8.45

மதியம் போட்ட கணக்கில் பிழை. 2100 என்பது கடல்மட்டத்திலிருந்து. தேனிச் சமவெளியே கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர்வாக்கில் இருக்கிறது. கேட்பவன் நிற்கும் தரையிலிருந்து அல்லவா உயரத்தை அளக்க வேண்டும்? அப்படியென்றால் 1800. வர்க்கமூலம் 42.4, பெருக்கினால் 175. மாடி ஏரியலோடு 183. நான் 14 கிலோமீட்டரை இனாமாகக் கொடுத்துவிட்டேன். நடுவில் வேறு மலை இல்லாத திசைக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. எங்கள் பக்கம் அது பாதி நாளும் பொருந்தாது, இங்கே மலைக்குப் பின்னால் மலைதான்.

7 ஜூன், காலை 7.00

மழை பிடித்துவிட்டது. நேற்றிரவு இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் கூடலூர்க்காரரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

என் வீடு தம்பி வீடு மாதிரி பள்ளத்தாக்கைப் பார்த்தது இல்லை, முகட்டுக்கு இந்தப் பக்கம், தேக்கடி ரோட்டில். கோடை இங்கே எப்போதும் சுமார்தான். சமீப காலமாகக் கரகரப்பு கூடிவிட்டதால் நானே அதிகம் வைப்பதில்லை. நேற்று கரண்ட் போனதும் பேட்டரியில் சின்னச் செட்டைப் போட்டேன். 100.5 தெளிவாக வந்தது. நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது, வந்த நொடியே "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல் வந்து பாட்டை மூடியது.

உடனே மெயினை இறக்கினேன். இரைச்சல் பாதி குறைந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுப் பார்த்ததில் எங்கள் வீட்டுக் குற்றவாளி சமையலறை எல்இடி பல்பு. மலிவான பல்புக்குள் இருக்கும் டிரைவர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது. வடிகட்டிச் சுருளும் கண்டென்சரும் வைக்காமல் மிச்சம் பிடித்திருந்தால் அந்த வெட்டின் தூசி எஃப்எம் பட்டை வரை எழும்பும், வீட்டு வயரே அதற்கு ஏரியலாகிவிடும். மீதிப் பாதி இரைச்சல் பக்கத்து வீட்டுச் சேட்டனின் செல்போன் சார்ஜர். அவரிடம் கேட்டு, ஐந்து நிமிஷம் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்தேன். அவர் சம்சாரம், "சேட்டன் ரேடியோ கேட்கணும்னா நாங்க இருட்டுல இருக்கணுமா?" என்று சிரித்தது.

1998ல் அந்த வீட்டில் குண்டு பல்பும் டியூப்லைட்டும்தான். குண்டு பல்புக்குள் சத்தம் போட ஒன்றும் இல்லை.

7 ஜூன், காலை 7.40

கூடலூர்த் தம்பிக்கு: செட்டைப் பேட்டரியில் போட்டு, வீட்டு மெயினை இறக்கிவிட்டு, 100.5 கேட்டுப் பாருங்கள். அடுப்படியில், பழைய இடத்திலேயே.

9 ஜூன், இரவு 9.15

வண்டிப்பெரியார்த் தங்கை எழுதியிருக்கிறது. எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பு. மெயினை இறக்கிப் பார்த்தும் வித்தியாசம் இல்லையாம். கோடை எப்போதாவது காற்று திரும்பினால் வரும், இல்லாவிட்டால் இல்லை. தேவிகுளம் தேய்ந்து வரும். மாமனார் படுக்கையில் இருக்கிறார், அவருக்குத் தமிழ் வேண்டும். செல்போனில் எஃப்எம் இல்லை.

தங்கைக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். நான் பிறந்தது வண்டிப்பெரியார் லயத்தில்தான். அப்பா காலத்தில் பகலில் மீடியம் வேவில் திருவனந்தபுரம் வரும், தமிழுக்கு இரவு வரை காத்திருக்க வேண்டும். இருட்டியதும் திருச்சி 936, திருநெல்வேலி 1197, அப்புறம் இலங்கை. மீடியம் வேவ் இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி மலையைத் தாண்டிக் குதித்து வந்துவிடும். எஃப்எம் அப்படித் திரும்பாது, மேலே போனது போனதுதான். தொண்ணூறுகளில் கோடை வந்தபோது எங்கள் ஜனங்களுக்கு முதல்முறையாகப் பகலிலேயே தமிழ் கிடைத்தது, முகட்டைப் பார்த்த லயங்களுக்கு மட்டும். பள்ளத்தில் இருந்த லயங்களுக்கு இன்றுவரை அந்தப் பகல் விடியவில்லை.

செல்போன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பல போன்களில் எஃப்எம் சில்லு உள்ளே இருந்தும் திறந்துவிடுவதில்லை. 2023ல் மத்திய அரசு, அதை முடக்காதீர்கள் என்று கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. எஃப்எம் திறந்திருக்கும் போனிலும் இயர்ஃபோன் வயர்தான் ஏரியல். வயர் செருகும் ஓட்டையையே எடுத்துவிட்டால் ஏரியல் எங்கே?

10 ஜூன், மதியம் 2.10

போடிக்காரர் மறுபடியும்: "பவர் வகுப்பு என்று சொல்கிறார்களே, அது என்ன? நம்ம ஊருக்கு என்ன வகுப்பு?"

தனியார் எஃப்எம்முக்கு நகரத்தின் தலைக்கணக்குதான் வகுப்பு. 2005 கொள்கையில் வந்தது, 2011ல் மூன்றாம் கட்டத்துக்கும் அதே சட்டகம். பெருநகரங்கள் ஏ பிளஸ், 25லிருந்து 50 கிலோவாட். 20 லட்சத்துக்கு மேல் ஏ, 10லிருந்து 30. 10 லட்சத்துக்கு மேல் பி, 5லிருந்து 15. 3 லட்சத்துக்கு மேல் சி, 3லிருந்து 10. அதற்குக் கீழே டி, 1லிருந்து 3. கோவை, மதுரை, கொச்சி பி. திருநெல்வேலி, திருவனந்தபுரம் சி.

இந்தக் கிலோவாட் வேறு, டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் கிலோவாட் வேறு. இது ஈஆர்பி, ஏரியலை விட்டு வெளியே வீசும் திறன். 5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை அடுக்கடுக்காக வைத்த ஏரியலில் விட்டால், மேலேயும் கீழேயும் வீணாகப் போவதை அடிவானத்துக்கு மடக்கி 10 ஆக்கலாம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் "எங்களுக்கு இவ்வளவு" என்று சொல்வதை ஒப்பிடும்போது, சொல்வது எந்தக் கிலோவாட் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காக்காரர்கள் வகுப்பை வேறு மாதிரி கட்டினார்கள். அங்கே பவரும் உயரமும் ஜோடி. ஏ வகுப்புக்கு 6 கிலோவாட், சுற்றுத் தரையின் சராசரிக்கு மேல் 100 மீட்டர் உயரம். மலையில் ஏறி நின்றால் பவரைக் குறைத்துக்கொள்ள வேண்டும், எட்டும் தூரம் வகுப்பைத் தாண்டக் கூடாது. கோடை போன்ற இடத்தில் 10 கிலோவாட் வைத்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். அந்த ஏ வகுப்பே 1989 வரை 3 கிலோவாட்தான், பிறகுதான் 6. பெரிய வகுப்பான சி 100 கிலோவாட். 2000த்தில் அதற்குக் கீழே சி0 என்று ஒன்றை நுழைத்தார்கள். 451 மீட்டர் உயரம் எட்டாத சி நிலையம், வேறொருவருக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டால், ஏரியலை உயர்த்த வேண்டும், அல்லது சி0 ஆக இறங்க வேண்டும். பயன்படுத்தாமல் வேலி போட்டு வைத்திருக்கும் நிலத்தைக் கேட்டு வாங்குவது போல. எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றமும் அவர்களிடம் நடந்தது. முதலில் எஃப்எம் 42லிருந்து 50 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. 1945ல் மொத்தப் பட்டையையும் 88க்கு மேலே தூக்கிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய செட்டெல்லாம் புதிய பட்டைக்கு உதவாமல் போனது. அலைவரிசை மாற்றம் என்றால் அலுவலகத்தில் ஒரு வரி, வீட்டில் ஒரு பெட்டி குப்பை. டெல்லியில் அகில இந்திய வானொலியின் எஃப்எம் கோல்டு 106.4லிருந்து 100.1க்கு மாறியது இந்தக் காலத்தில் நடந்தது, முள்ளைத் திருப்பினால் போதும். ஆனாலும் கண் தெரியாத ஒரு பெரியவர் பழைய இடத்திலேயே முள்ளை வைத்து எத்தனை நாள் தேடியிருப்பார் என்று எனக்கு நினைப்பு போகிறது.

10 ஜூன், இரவு 11.00

தலைக்கணக்கு விஷயத்தை விட்டுவிட மனசில்லை.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 தனியார் அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புக்கொண்டது. கேரளத்தில் அந்தப் பட்டியலில் பாலக்காடும் காஞ்ஞங்காடும். தமிழ்நாட்டில் நாகர்கோவில், திண்டுக்கல், ராஜபாளையம், குன்னூர் என்று 11. இடுக்கியில் ஓர் ஊர் கூட இல்லை. தேனியும் இல்லை.

ஏலம் எடுப்பவனுக்கு விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்குக் கடைத்தெரு வேண்டும், அது எனக்குப் புரிகிறது. மூணாறு, தேவிகுளம், பீருமேடு எஸ்டேட்டுகளில் மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ் பேசும் ஜனம் இருக்கிறது. லயம் லயமாகச் சிதறிக் கிடப்பதால் எந்த நகரத்தின் தலைக்கணக்கிலும் அவர்கள் சேர மாட்டார்கள். ஏ பிளஸிலிருந்து டி வரை எழுதிய அட்டவணையில் மலைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். சமவெளியில் 3 கிலோவாட் செய்வதை முகட்டில் 100 வாட் செய்யும் இடங்கள் இங்கே இருக்கின்றன.

100 வாட் என்று சும்மா சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 28ல் பிரதமர் 91 சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கிவைத்தார், ஒவ்வொன்றும் 100 வாட்தான். கேரளத்தில் பத்தனம்திட்டைக்கும் காயங்குளத்துக்கும் கிடைத்தன. சமுதாய வானொலிக்கும் வெளிவீசும் திறன் பொதுவாக 100 வாட்தான் உச்சம், ஏரியல் 30 மீட்டர். வயநாட்டில் மானந்தவாடியிலிருந்து மாற்றொலி என்ற சமுதாய வானொலி 90.4ல் அந்த அளவில்தான் பேசுகிறது. பீருமேட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

12 ஜூன், மாலை 6.30

எண் ஒன்றாக இருப்பது பற்றி இருவர் கேட்டார்கள். தேவிகுளம் 101.4, சென்னையில் அகில இந்திய வானொலியின் ரெயின்போவும் 101.4. நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் சண்டை இல்லை.

சண்டை பார்க்க வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழிக்குப் போக வேண்டும். திருநெல்வேலியில் சூரியன் 93.5, திருவனந்தபுரத்தில் ரெட் 93.5. இரண்டும் ஒரே குடும்பத்து ஸ்டேஷன்கள், எல்லா ஊரிலும் ஒரே எண் இருந்தால் ஜனங்களுக்கு ஞாபகம் நிற்கும் என்று ஆசைப்பட்டிருப்பார்கள். சின்ன மகளைக் களியக்காவிளையில் கட்டிக்கொடுத்த வருஷம், மாப்பிள்ளை காரில் திருநெல்வேலியிலிருந்து போனோம். காவல்கிணறு தாண்டும்வரை தமிழ்ப் பாட்டு. கணவாய்க்குள் நுழைந்ததும் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவே ஒரு மலையாள நகைக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்தது. ஒரு வளைவு திரும்பியதும் மறுபடி தமிழ். அடுத்த வளைவில் மலையாளம். காற்றாலை வரிசை முடியும் வரைக்கும் இப்படியே. மாப்பிள்ளை ரேடியோ கெட்டுப்போச்சு என்று நினைத்து அணைக்கப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செட்டில் குறை இல்லை, இது எஃப்எம்முடைய குணம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் வந்தால், சில டெசிபெல் பலம் கூடியவர் மற்றவரை முழுதாக விழுங்கிவிடுவார். மீடியம் வேவ் என்றால் இருவரும் ஒன்றாகப் பேசுவார்கள், ஊடே ஒரு விசில் கேட்கும். எஃப்எம்மில் ஒருவர் பேசினால் மற்றவர் இல்லவே இல்லை. எல்லைக்கோடு எங்கே என்று வருவாய்த்துறை ஒரு கல் நட்டிருக்கிறது. வானொலியின் எல்லைக்கோடு கார் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் நகர்கிறது.

13 ஜூன், காலை 6.50

நேற்று எழுத விட்டது. எண் ஒன்றாக இருப்பதைவிட எண் பக்கத்தில் இருப்பது செட்டைப் பொறுத்து அதிகத் தொல்லை. திருச்சூர் 101.1, தேவிகுளம் 101.4, நடுவே 0.3தான். மலையில் உயரமான இடத்தில் இரண்டும் வரும். நல்ல செட் பிரித்துவிடும், மலிவுச் செட் இரண்டையும் பிசைந்து கொடுக்கும். செட்டைத் திறந்தால் மூன்று கால் வைத்த சின்ன செராமிக் ஃபில்டர் இருக்கும், 10.7 மெகாஹெர்ட்ஸ், சிவப்புப் புள்ளி. மலிவுச் செட்டில் அது 280 கிலோஹெர்ட்ஸ் அகலக் கதவு. நான் கடையில் 150 போட்டு மாற்றித் தருவேன். இரண்டு ரூபாய்ச் சாமான், பத்து நிமிஷ வேலை. புள்ளியின் நிறம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், மாறினால் டயல் முள் காட்டும் இடமும் ஸ்டேஷன் வரும் இடமும் விலகும்.

14 ஜூன், இரவு 8.20

கூடலூர்த் தம்பி எழுதிவிட்டார். மெயினை இறக்கினார், அடுப்படியில் வைத்தார், கோடை கணீரென்று வந்துவிட்டது. அவர் வீட்டில் குற்றவாளி மூன்று: ஹாலில் இரண்டு எல்இடி டியூப், மாட்டுத்தொழுவத்தில் கொசுவுக்குப் போட்ட மின்பொறி. மச்சானையே கூப்பிட்டுக் காட்டினாராம். மச்சான் இப்போது, "அப்ப பல்பு கம்பெனிக்காரன்தான் தனியார் ஸ்டேஷனுக்குக் கைக்கூலி" என்கிறாராம்.

டியூபை மாற்ற வேண்டாம், முதலில் வயரை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பழைய மானிட்டர் கேபிளில் குண்டாக ஒரு முடிச்சு இருக்குமே, அதை உடைத்தால் உள்ளே இருக்கும்.

16 ஜூன், இரவு 10.40

நேற்று ஞாயிறு. வண்டிப்பெரியார் போய் வந்தேன்.

லயம் ஒரு குழிக்குள். வடகிழக்கே தேயிலைச் சரிவு சுவர் மாதிரி நிற்கிறது, கோடை அதற்குப் பின்னால். கையோடு அலுமினியக் குழாய் கொண்டுபோயிருந்தேன். கைக்கு 71 சென்டிமீட்டராக இரண்டு வெட்டி டைபோல் ஏரியல், பின்னால் 60 சென்டிமீட்டர் தள்ளி, அலையை அதன் மேல் திருப்பிவிட ஒன்றரை மீட்டரில் ஒரு ரிஃப்ளெக்டர். கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டி, கோடை இருக்கும் திசைக்கே நேராகத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. மூங்கிலை இன்னும் ஆறடி உயர்த்தினோம். ஒன்றும் இல்லை. மழை வேறு.

தங்கை வீட்டுப் பையன், பத்து வயசு இருக்கும், கீழே செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கை நழுவி மூங்கில் சுற்றிக்கொண்டது. கீழிருந்து, "வந்துச்சு, வந்துச்சு, போச்சு" என்று கத்தினான். மெதுவாகத் திருப்பி அந்த இடத்தைப் பிடித்தேன். ஏரியல் கோடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்மேற்கே, எதிர்ப் பாறைமலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாறை உயரம், சரிவுக்கு மேலாகக் கோடை அதற்குத் தெரிகிறது. அதில் பட்டுத் திரும்பும் அலைதான் லயத்துக்குள் விழுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை பற்றி 4ஆம் தேதி நானே எழுதிவிட்டு, கூரையில் நின்றபோது அதை மறந்து நேர்த்திசையிலேயே ஒரு மணி நேரம் போராடினேன்.

ஈயப்பற்று வைத்து முடிக்க ஐந்தாகிவிட்டது. பெரியவர் தலைமாட்டில் செட்டை வைத்தோம். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். பிறகு சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். காது நன்றாகத்தான் கேட்கிறது அவருக்கு.

17 ஜூன், காலை 6.00

நேற்றைய குறிப்பில் விட்டது: ஏரியலிலிருந்து செட்டுக்கு வந்த வயர் பழைய டிவி ஏரியலின் தட்டை வயர். அதை ஓடு வழியாக உள்ளே இறக்கும்போது தகரத்தில் உரசவிடாதீர்கள், உரசினால் சிக்னல் தகரத்துக்கே போய்விடும். மூங்கிலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரும்புக் குழாய் கிடைத்தால் நல்லது.

அடுத்த லயத்துக்காரர் குழாய் வாங்கி வைத்துவிட்டாராம். அங்கிருந்து அந்தப் பாறை தெரியாது என்று தங்கை சொல்கிறது. வரும் ஞாயிறு போய்ச் சுற்றிப் பார்த்துத்தான் தெரியும்.